புகைவாசம் வீசும் சிலி ஒயின்: எதோடு சாப்பிடலாம்?

சிலி நாட்டு கார்மனேர் சிவப்பு ஒயினை முதன்முறை முகர்ந்தால், குடைமிளகாயைத் தணலில் சுட்ட வாசம் அடிக்கும். கெட்டுப்போச்சோ என்று கீழே ஊற்றிவிடாதீர்கள். அந்தப் பச்சை வாசம் திராட்சையின் பிறவிக்குணம். புகைவாசத்தில் ஒரு பங்கு, உள்பக்கம் தீயில் வாட்டிய ஓக் பீப்பாய் தருவது. (1994 வரை சிலிக்காரர்களே இதை மெர்லோ என்ற வேறு திராட்சை வகை என்று நினைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள், அது தனிக்கதை.)

குடிக்கும் முன் பாட்டிலை 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். 16–18 டிகிரி போதும். சூடாக இருந்தால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். கிளாஸில் கால்வாசி ஊற்றி, நாலு சுற்றுச் சுழற்றி, பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பச்சை வாசம் அடங்கி, பிளம் பழமும் காப்பிப்பொடியும் மேலே வரும்.

தொட்டுக்கொள்ள? கரியில் வாட்டிய மாட்டிறைச்சி எப்போதும் சரி. என் ஓட்டு எம்பனாடாவுக்கு: மாட்டுக் கொத்துக்கறி, வெங்காயம், சீரகம், அவித்த முட்டை, ஆலிவ் எல்லாம் மாவுக்குள் வைத்து மடித்துச் சுடுவது. அந்தச் சீரகமும் இந்தப் புகையும் அப்படி ஒட்டிக்கொள்ளும். சைவக்காரர்களுக்குச் சுட்ட கத்திரிக்காய். மீன் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், இரும்பை நக்கிய மாதிரி இருக்கும்.