கான்ட்ராக்ட் வேலையை நம்பி ரூம் எடுக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

அம்பத்தூர், ஒரகடம் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து, முதல் தடவை தனியாக ரூம் எடுக்கிறவர்கள் வாடகையை மட்டும்தான் பார்க்கிறார்கள். ‘மாசம் ஐயாயிரம்தானே, சமாளிச்சிடலாம்.’ கணக்கு அங்கேயே இடிக்கிறது. ஐந்து மாத அட்வான்ஸ் 25,000, முதல் மாத வாடகை 5,000, புரோக்கர் கமிஷன் இன்னொரு 5,000. சாவி கைக்கு வரும் முன்பே 35,000 போயாச்சு. சம்பளம் 15,000 என்றால் இரண்டு மாதத்துக்கு மேல் உழைத்த காசு.

இதில் அட்வான்ஸ்தான் வில்லங்கம். நம் பணம்தான், ஆனால் கம்பெனியில் திடீரென்று பிரேக் விட்டு, கொஞ்ச நாள் வேலையில்லை என்று நிறுத்தினால் அதைத் தொட முடியாது. கடன் வாங்கி அட்வான்ஸ் கட்டிவிட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் குடிபோவதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு மூன்று மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தனியாகச் சேரும்வரை நாலு பேரோடு ஷேரிங்கிலோ மேன்ஷனிலோ இருந்துகொள்ளலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் போடாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. ஓனரிடம் சட்டம் பேசினால் வீடு கிடைக்காது, அது வேறு விஷயம். ஆனாலும் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

அக்ரிமென்ட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை மாத நோட்டீஸ், இடையில் காலி செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், பெயிண்டிங் யார் செலவு என்ற மூன்றையும் பாருங்கள். சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காத எனக்கு, பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைக் கழித்தார்கள். அக்ரிமென்ட்டில் ஆறாவது வரியில் இருந்ததாம்.

அப்புறம் கரன்ட். தனி மீட்டரா, ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்துக் கொடுத்த சப் மீட்டரா என்று கேளுங்கள். தனி மீட்டரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப் மீட்டரில் ஓனர் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் போட்டால், அதே 100 யூனிட்டுக்கு ஆயிரம். குடிபோகிற அன்றே மாடிப்படிக்கு அடியில் குனிந்து, தூசியைத் துடைத்து, ரீடிங்கை போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

கேஸுக்கு முகவரிச் சான்று இல்லையே என்று ஓட்டலிலேயே சாப்பிட்டுக் காசைக் கரைப்பவர்களும் உண்டு. 5 கிலோ சிலிண்டர் அடையாள அட்டை காட்டினாலே கிடைக்கும்.

கடைசியாக, சாமான். முதல் மாதமே தவணையில் இரும்பு பீரோ வாங்கினேன். எட்டாம் மாதம் வேலை போனது. குட்டியானைக்காரர் மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்து, பீரோவுக்குத் தனிக் கூலி கேட்டார். கீழ்வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். தவணை இன்னும் நாலு மாதம் பாக்கி இருந்தது.