தூக்கம் திரும்பி வந்த கதை
அம்மா போன பிறகு சரியான தூக்கமே இல்லை, மாத்திரை போட்டாலும் விடியற்காலையில் நெஞ்சு படபடவென்று அடித்து எழுப்பிவிடும். அப்போதுதான் தெருவில் அடிபட்டுக் கிடந்த செவலை நாட்டுநாயை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கட்டிலுக்கு அடியிலேயே ஒடுங்கிக் கிடப்பாள். நான் கூப்பிடவில்லை, முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, உப்பில்லாமல் வேகவைத்த கோழித்துண்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன் (மிரண்ட நாயை உற்றுப் பார்த்தால் அது மிரட்டல் என்றே எடுத்துக்கொள்ளும்). ஒரு ராத்திரி ஈர மூக்கு முழங்கையில் பட்டது, அப்புறம் மோவாயை என் தொடையில் வைத்துவிட்டாள். பழகிய நாயும் மனிதரும் கண்ணோடு கண் பார்த்தால் இருவருக்குமே ஆக்சிடோசின் (பாசப் பிணைப்போடு தொடர்புள்ள ஹார்மோன்) கூடுகிறது என்று 2015இல் ஜப்பான் ஆய்வாளர்கள் எழுதினார்கள், எனக்கு அது உடம்பிலேயே தெரிந்தது. இப்போது படபடப்பு வந்தால் அவள் விலாவில் கை வைத்து அவள் மூச்சோடு சேர்ந்து மூச்சு விடுகிறேன். மாத்திரையை டாக்டரிடம் கேட்டுத்தான் குறைத்தேன், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.