புதுப்பிக்கும் முன் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்: கார், வீட்டுக் காப்பீட்டில் நாம் செய்யும் தவறுகள்

கடந்த ஐப்பசியில் ஒரு மாலை, மழை விட்ட அரை மணி நேரத்தில், என் மச்சானின் கார் மணிநகரம் கர்டர் பாலத்துக்கு அடியில் நின்றுபோனது. மதுரைக்காரர்களுக்கு அந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. முன்னால் போன பஸ் கரையேறிவிட்டதே என்ற தைரியத்தில் இறங்கியிருக்கிறார். தண்ணீர் பம்பருக்கு மேல் ஏறி வண்டி அணைந்ததும், பதற்றத்தில் சாவியை மூன்று முறை திருகியிருக்கிறார். மூன்றாவது முறை உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம். இஞ்சினுக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தப் பார்த்து, கனெக்டிங் ராடு வளைந்த சத்தம் அது. ஒர்க்‌ஷாப் போட்ட மதிப்பீடு ஒரு லட்சத்து முப்பதாயிரம்.

சீட், தரை விரிப்பு, வயரிங் நனைந்ததற்குக் காப்பீட்டுக் கம்பெனி பணம் தந்தது. இஞ்சினுக்குத் தரவில்லை. வெள்ளத்தால் வந்த சேதம் வேறு, தண்ணீரில் நின்ற வண்டியைக் கிளப்பப் போய் வந்த சேதம் வேறு என்றது அவர்கள் கடிதம். இரண்டாவது வகைக்கு ‘இஞ்சின் பாதுகாப்பு’ என்ற கூடுதல் பிரிவு தனியாக வேண்டும். வேதனை என்னவென்றால், அதற்கு முந்தைய ஆண்டுப் பாலிசியில் அந்தப் பிரிவு இருந்தது. ஆவணியில் போனில் புதுப்பித்தபோது, போன ஆண்டைவிட 1,850 ரூபாய் குறைத்துத் தருகிறோம் என்றார்கள். எதைக் குறைத்தீர்கள் என்று மச்சான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எங்கள் உறவுக்குள் யாருக்குப் பாலிசி முடிந்தாலும் காகிதம் என் மேசைக்கு வந்துவிடுகிறது. இதுவரை பத்துப் பதினைந்து பார்த்திருப்பேன். எல்லோரும் செய்கிற முதல் தவறு ஒன்றுதான். போன ஆண்டுத் தொகையையும் இந்த ஆண்டுத் தொகையையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

கார் பிரீமியத்தில் இரண்டு பகுதிகள் உண்டு: நம் வண்டியால் மற்றவருக்கு நேரும் இழப்புக்கு ஒன்று, நம் சொந்த வண்டிக்கு நேரும் சேதத்துக்கு ஒன்று. மூன்றாம் நபருக்கான பகுதியின் கட்டணம் கம்பெனிகளின் கையில் இல்லை. 2022 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த அறிவிப்பில், தனியார் காருக்கு 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897 என்று நிர்ணயித்தார்கள். எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் இந்தப் பகுதி ஒன்றுதான். ஆகவே ஒரு கம்பெனி இரண்டாயிரம் ரூபாய் மலிவு என்றால், அந்த இரண்டாயிரமும் உங்கள் சொந்த வண்டிக்கான பகுதியிலிருந்துதான் போயிருக்கிறது. உண்மையான தள்ளுபடியாகவும் இருக்கலாம். எதையாவது உருவியிருக்கவும் செய்யலாம்.

உருவுவதற்கு வசதியான இடம் ஐடிவி. வண்டி திருடுபோனாலோ சரிசெய்ய முடியாதபடி நொறுங்கினாலோ கைக்கு வரும் அதிகபட்சத் தொகை இதுதான். புது வண்டியின் விலையில் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை 20 சதவீதம், மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 என்று தேய்மானம் கழிப்பது வழக்கம். ஐந்தாண்டுக்குப் பிறகு இருதரப்பும் பேசி முடிவு செய்வது. ‘பேசி’ என்பது பேச்சுக்குத்தான். திரையில் வரும் எண்ணுக்குத் தலையாட்டிவிட்டுப் பணம் கட்டுகிறோம். உங்கள் வண்டி சந்தையில் நாலரை லட்சத்துக்குப் போகும்போது ஐடிவி மூன்றே கால் என்று இருந்தால், பிரீமியம் ஏன் குறைந்தது என்று புரிந்துவிடும். இன்னொன்று, பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழுச் சேதமாகக் கணக்கிட்டு முடித்துவிடுவார்கள். ஐடிவி தாழ்ந்திருந்தால், சரிசெய்யக்கூடிய வண்டிகூட அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

அடுத்தது ‘ஜீரோ டெப்’, அதாவது உதிரிபாகங்களில் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் பிரிவு. இதைச் சொல்லி விளங்க வைப்பதைவிட ஒரு பில்லைக் காட்டுவது எளிது. மேலூர் சாலையில் குறுக்கே வந்த மாட்டின் மேல் மோதிய, மூன்றரை வயதுக் கார் என்று வைத்துக்கொள்வோம். பம்பர் 8,000, ஹெட்லைட் 12,000, பானெட் 12,000, பெயிண்டிங் 8,000. மொத்தம் 40,000. பாலிசியில் ஜீரோ டெப் இல்லை. பிளாஸ்டிக் என்பதால் பம்பரிலும் ஹெட்லைட்டிலும் பாதி, அதாவது பத்தாயிரம் போகும். இரும்பான பானெட்டில் வண்டியின் வயதுக்கு 25 சதவீதம், மூவாயிரம். பெயிண்டிங் கூலியில் கால் பங்கைப் பெயிண்டின் விலையாக வைத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், ஆயிரம். 1500 சி.சி. வரையிலான காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய ஆயிரம். ஆக 15,000 நம் பை, 25,000 கம்பெனி. பிரீமியத்தைக் குறைப்பதற்காக ஐயாயிரம் ரூபாய் வரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முன்பே ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தால், நம் பங்கு இருபதாயிரம் ஆகிவிடும். அந்த டிக்கை நாமே அடித்தது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை.

இதனால் எல்லாக் கூடுதல் பிரிவுகளையும் வாரிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. சாவி தொலைந்தால் பணம், பயணப் பெட்டி தொலைந்தால் பணம் என்பதையெல்லாம் நான் எடுப்பதில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட காருக்கு ஜீரோ டெப் அவசியம். ஆண்டுக்கு எத்தனை கிளைம் என்ற வரம்பு அதில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். வைகைக் கரை, கண்மாய்க் கரை, சுரங்கப் பாதை என்று சுற்றி வருபவர்களுக்கு இஞ்சின் பாதுகாப்பும் வேண்டும். ஆனால் அது இருக்கிறது என்பதற்காகத் தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் தொடக்கூடாது. தள்ளிக் கரையேற்றி, கம்பெனிக்குப் போன் செய்து, இழுத்துச் செல்லும் வண்டியை வரவழைக்க வேண்டும். உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு வேறொரு வண்டியின் பாலிசியில் ஏற்கெனவே இருந்தால் மறுபடி வாங்கத் தேவையில்லை. இங்கே குறைப்பது நியாயமான குறைப்பு. மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்கான ஏழரை லட்ச வரம்பை ஆறாயிரமாகக் குறைத்து நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது அப்படியல்ல. ஒரு கடையின் ஷட்டரில் மோதினாலே ஆறாயிரம் போய்விடும்.

கிளைம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் நோ கிளைம் போனஸ். இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சின்னக் கீறலுக்கும் கிளைம் போடுகிறவர்கள் ஒரு பக்கம். சொந்த வண்டிப் பகுதியின் பிரீமியம் 12,000 என்றும், 50 சதவீத போனஸில் நீங்கள் 6,000 கட்டுகிறீர்கள் என்றும் வையுங்கள். ஒரு கிளைம் போட்டதும் போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கி, பிறகு ஆண்டுக்கு ஒரு படியாக 20, 25, 35, 45 என்று ஏறித்தான் 50-ஐத் தொடும். அந்த ஐந்து ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டுவது 6,000, 3,600, 3,000, 1,800, 600. கூட்டினால் 15,000. வண்டி பழசாகி பிரீமியம் இறங்க இறங்க இது கொஞ்சம் குறையும். இருந்தாலும் நாலாயிரம் ரூபாய் டிங்கர் வேலைக்குக் கிளைம் போடுவது யாருக்கு லாபம் என்று தெரிந்துவிடும்.

மறுபக்கம், கிளைம் வாங்கியதை மறைத்துப் புதுக் கம்பெனியில் போனஸ் கேட்கிறவர்கள். பழைய கம்பெனியிடம் விசாரித்து உறுதி செய்வார்கள். மாட்டினால் பணமே கிடைக்காமல் போகலாம். சித்தப்பாவிடம் கார் வாங்கி அவருடைய போனஸையும் சேர்த்து அனுபவிப்பதும் இதில் சேர்த்திதான். போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. பழைய கார் வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இதனால் வந்த குழப்பம் தனி. மூன்று வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களில் பலருக்குச் சொந்த வண்டிக்கான பகுதி ஓராண்டிலேயே முடிந்திருக்கும். ஷோரூம் தந்த காகிதத்தில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நம் பக்கத்தில் வெளிப்படையாகப் பேசாத ஒன்றும் உண்டு. சொந்த உபயோகக் காரைச் சபரிமலைக்கும் கொடைக்கானலுக்கும் வாடகைக்கு விடுவது. தெரிந்தவர்தானே என்று டீசலுக்கு மேல் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறோம். வாடகை ஓட்டம் என்று, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்குத் தெரிந்தால், தனியார் கார் பாலிசி கைவிட்டுவிடும். எப்படித் தெரியும் என்கிறீர்களா? விபத்து நடந்ததும் உள்ளே இருந்த பயணிதான் முதலில் சொல்வார், ‘வாடகை பேசித்தான் வந்தோம்’ என்று.

வீட்டுக்கு வருவோம்

காருக்கு இவ்வளவு யோசிக்கிற நாம், வீட்டுக்குப் பாலிசி இருக்கிறதா என்பதையே வங்கியிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கடன் வாங்கும்போது வங்கி ஒன்றை எடுக்க வைத்திருக்கும். அது பல நேரம் கட்டடத்துக்கு மட்டும், அதுவும் கடன் தொகை அளவுக்கு மட்டும். உள்ளே இருக்கும் பீரோ, ஃபிரிட்ஜ், டிவி எதுவும் அதில் இல்லாமல் இருக்கலாம். கடன் அடைந்ததும் அந்தப் பாலிசியும் சத்தமில்லாமல் முடிந்திருக்கும்.

2021 ஏப்ரலில் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் விற்க வேண்டும் என்ற விதி வந்தது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைந்து வழிவது எல்லாம் இதில் அடக்கம். 2024 அக்டோபர் 25-ஆம் தேதி மழையில் செல்லூர், பீபீ குளம் பகுதிகளில் தண்ணீர் புகுந்ததே, அந்த மாதிரி நாளுக்கானது இது. கட்டடத்துக்கு எடுத்தால், அதன் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் பத்து லட்சம் வரை, உள்ளே இருக்கும் பொருள்களுக்குத் தானாகவே கிடைக்கும். பட்டியல் கொடுக்கத் தேவையில்லை.

தொகையை எழுதும் இடத்தில்தான் நாம் சறுக்குகிறோம். அண்ணா நகரில் என் வீடு ஒரு கோடி போகும் என்று ஒரு கோடிக்கு எடுக்கிறார்கள். அதில் முக்கால் பங்கு மனையின் விலை. மனையை வெள்ளம் கொண்டு போகாது. கம்பெனி தருவது திரும்பக் கட்டும் செலவை மட்டுமே. ஆகவே கட்டடத்தின் பரப்பை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்குங்கள்; ஒரு மேஸ்திரியைக் கேட்டால் சொல்லிவிடுவார். எதிர்ப்பக்கத்தில், பதினைந்து ஆண்டுக்கு முந்தைய விலையையே வைத்திருப்பவர்களும் உண்டு. பழைய வகைத் தீ விபத்துப் பாலிசியானால் இது இரட்டை அடி. முப்பது லட்சத்துக் கட்டடத்தைப் பதினைந்து லட்சத்துக்கு எடுத்திருந்து, நான்கு லட்சம் சேதமானால், பாதிதான் காப்பீடு செய்தீர்கள் என்று சொல்லி இரண்டு லட்சம்தான் தருவார்கள். கிருஹ ரக்ஷாவில் இந்த விகிதக் கழிவு கிடையாது. உங்களிடம் இருப்பது எது என்பதை முதல் பக்கத்திலேயே பார்த்துவிடலாம்.

மதுரையில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் எவருக்கும் முதல் பயம் நகைதான். வீட்டுப் பாலிசி இருக்கிறதே என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அடிப்படைப் பாலிசி, பூட்டை உடைத்து நடக்கும் சாதாரணத் திருட்டை ஏற்காது. தீயோ வெள்ளமோ வந்து ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டை மட்டுமே ஏற்கும். களவுக்குத் தனிப் பிரிவு, நகைக்குத் தனித் தொகை எடுத்தாக வேண்டும். வீடு பல நாள் பூட்டிக் கிடந்தால் என்ன நிபந்தனை என்பதையும் அப்போதே கேளுங்கள். மகன் வீட்டுக்கு அமெரிக்கா போய் ஆறு மாதம் இருக்கும் தம்பதிகள் நம் தெருவுக்கு இரண்டு பேர்.

மின் அழுத்தம் ஏறி ஃபிரிட்ஜ் கருகினால், அந்த ஃபிரிட்ஜுக்குப் பணம் வராது. அதிலிருந்து தீ பரவி அலமாரி எரிந்தால் அலமாரிக்கு வரும். சுவரில் மெல்ல ஊறும் ஈரம் பராமரிப்புக் கணக்கில் போய்விடும். வீட்டின் ஒரு அறையில் சுங்குடிச் சேலைகளை அடுக்கி வைத்து விற்கிறீர்கள் என்றால், அது வியாபாரச் சரக்கு, வீட்டுப் பொருள் ஆகாது. அதற்கு வேறு பாலிசி.

கம்பெனியை எப்படி எடைபோடுவது

‘கிளைம் விகிதம் இத்தனை சதவீதம்’ என்று விளம்பரத்தில் வருவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வசூலித்த பிரீமியத்தில் எவ்வளவு கிளைமாகப் போனது என்பது ஒரு கணக்கு. வந்த கிளைம்களில் எத்தனையைத் தீர்த்தார்கள் என்பது வேறொரு கணக்கு. முதலாவது கூடுதலாக இருந்தால் தாராளம் என்று பொருளல்ல, கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது என்றும் இருக்கலாம். ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் கிளைம், புகார் விவரங்களைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். அதில் நான் பார்ப்பது, கிளைம்கள் எத்தனை மாதம் நிலுவையில் கிடக்கின்றன என்பதைத்தான்.

அதைவிட நம்பகமான இடம் ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் வண்டியை வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில், பில் போடும் மேசையில் இருப்பவரைக் கேளுங்கள். எந்தக் கம்பெனி சர்வேயர் மறுநாளே வருகிறார், எந்தக் கம்பெனி பணம் வருவதற்குள் வண்டி ஷெட்டில் தூசி பிடிக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பணம் கட்டாமல் வண்டியை எடுத்துவரும் வசதியும் அப்படித்தான். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஒர்க்‌ஷாப்புகள் இருந்து நமக்கென்ன, திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடைக்குள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

காரும் வீடும் ஒரே கம்பெனியில் இருந்தால் ஒரே ஏஜெண்டுக்குப் போன் செய்தால் போதும் என்பது வசதிதான். ஆனால் இரண்டும் தனித்தனி ஒப்பந்தங்கள். காரில் நன்றாக நடந்துகொண்ட கம்பெனியின் வீட்டுப் பாலிசியையும் வரி வரியாகத்தான் படிக்க வேண்டும். பாலிசியோடு ‘வாடிக்கையாளர் தகவல் தாள்’ என்று சில பக்கங்கள் தருவார்கள். எது உண்டு, எது இல்லை என்பது அதில் எளிய மொழியில் இருக்கும். பழைய தாளையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உருவப்பட்டது எது என்று கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். போனில் கிடைக்கும் வாக்குறுதியை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். எலி வயரைக் கடித்தால் தருவீர்களா என்று நான் எழுதிக் கேட்டதற்கு இரண்டு கம்பெனிகள் இரண்டு விதமாகப் பதில் எழுதின.

கடைசி நாள் இரவு வரை தள்ளாதீர்கள். ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் வண்டியைப் பரிசோதித்த பிறகே புதுப்பிப்பார்கள். 90 நாள் கடந்தால் சேர்த்து வைத்த போனஸ் முழுதும் போய்விடும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய்.

தகராறு வந்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அதுதான் அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.

மச்சான் அங்கே போகவில்லை. அவர் கையெழுத்திட்ட காகிதத்திலேயே அந்தப் பிரிவு இல்லை என்பது தெளிவாக இருந்தது. இந்த ஆவணியில் 2,100 ரூபாய் கூடுதலாகக் கட்டி இஞ்சின் பாதுகாப்பைத் திரும்பச் சேர்த்துவிட்டார். ஆனாலும் சித்திரை வெயிலில்கூடக் கர்டர் பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்.