மாடுலர் கேமிங் கீபோர்டு: திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் எதையெல்லாம் ஆட்டிப் பார்க்க வேண்டும்

கழற்றி மாட்டும் வகை கீபோர்டு கையில் கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கழற்ற முடிகிற எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைப்பதுதான். நம்பேட் (எண் கீகள் உள்ள பகுதி), திருகும் டயல், மணிக்கட்டுத் தாங்கி எல்லாம் போகட்டும். மிச்சமிருக்கும் வெறும் கீபோர்டு அந்த விலைக்கு நியாயமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் எத்தனை பாகம் ஒட்டினாலும் அது தேறாது.

சரி, எப்படிப் பார்ப்பது? ஸ்பேஸ்பாரின் இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடத்திலும் தட்டுங்கள். ஏறக்குறைய ஒரே சத்தம் வர வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் கிலுகிலு என்றால் நீளமான கீ சாயாமல் அடியில் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பிக்கு கிரீஸ் சரியாகப் போடவில்லை என்று அர்த்தம். என்டர், பேக்ஸ்பேஸ், இடது ஷிஃப்ட் ஆகியவற்றிலும் இதையே செய்யுங்கள். நாமே கிரீஸ் தடவிச் சரிசெய்யலாம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் பிரீமியம் என்று சொல்லிக் காசு வாங்கியவன் செய்ய வேண்டிய வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்? அப்புறம் இரண்டு பக்கமும் பிடித்து லேசாக முறுக்குங்கள். முனகக் கூடாது.

இப்போது பாகங்களை மாட்டலாம். மவுண்டன் நிறுவனத்தின் எவரெஸ்ட் மேக்ஸ் இந்த வகைக்கு நல்ல உதாரணம்: நம்பேடை வலது பக்கமும் மாட்டலாம், இடது பக்கமும் மாட்டலாம், மேலே திரையுள்ள டயல் ஒன்றும் உட்காரும். இடது பக்கம் மாட்டுவது வெறும் வேடிக்கை இல்லை. வலது கையில் மவுஸ் பிடிப்பவருக்கு அந்த இடம் முழுவதும் காலியாகக் கிடைக்கும், ஷூட்டர் கேம் ஆடுபவர்கள் இதற்காகவே இவ்வகை கீபோர்டைத் தேடுகிறார்கள்.

ஆனால் கெட்டுப்போவதும் முதலில் அந்த இணைப்புதான். நோட்பேடைத் திறந்து நம்பேடில் ஏதாவது ஒரு எண்ணை அழுத்திப் பிடியுங்கள், எண்கள் வரிசையாக ஓடும். பிடித்தபடியே இன்னொரு கையால் இணைப்பை மேலும் கீழும் லேசாக ஆட்டுங்கள். ஓட்டம் ஒரு கணம் நின்றாலும் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது, திருப்பி அனுப்பிவிடலாம். அடுத்து, எதையாவது டைப் செய்துகொண்டே நம்பேடை வெடுக்கென்று உருவுங்கள். சில கீபோர்டுகளில் மெயின் பகுதியும் சேர்ந்து ஓரிரு நொடி செத்துப் பிழைக்கும். கீபோர்டின் அடியில் இருக்கும் மடக்குக் கால்களைத் தூக்கிவைத்தும் பாருங்கள்: கீபோர்டு உயர்ந்து நம்பேடு மட்டும் மேசையிலேயே கிடந்தால் இணைப்பில்தான் அந்த இழுவை முழுவதும் விழும். ஸ்ப்ரிங் ஊசிகளால் இணைவது என்றால் அவ்வப்போது தூசி துடைக்க வேண்டும், காந்தத்தை மட்டும் நம்பி நிற்பது என்றால் மேசையில் இழுக்கும்போது பிய்கிறதா என்று பார்க்க வேண்டும். பாகங்கள் தனியாக விற்பனைக்குக் கிடைக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். டயல் உடைந்தால் முழு செட்டையும் வாங்கு என்று சொல்லும் கம்பெனியிடம் மாடுலர் என்பது விளம்பரம் மட்டுமே.

ஹாட்-ஸ்வாப், அதாவது சால்டர் வேலை இல்லாமல் கீயின் அடியில் இருக்கும் ஸ்விட்சை மாற்றும் வசதி, இருந்தால் ஒன்றிரண்டு ஸ்விட்சைக் கழற்றிப் போடுங்கள். 5 ஊசி ஸ்விட்சும் ஏறுமா, 3 ஊசி மட்டும்தானா என்று தெரிந்துகொள்ளுங்கள். போடும்போது ஊசிகள் நேராக இருக்கட்டும், வளைந்திருப்பதை அழுத்தினால் சாக்கெட்டே பெயர்ந்து வரும். கீ அழுந்துவதைக் காந்தத்தால் உணரும் காந்த ஸ்விட்ச் கீபோர்டு என்றால் சாதாரண மெக்கானிக்கல் ஸ்விட்ச் பொதுவாக அதில் வேலை செய்யாது, இது தெரியாமல் தனியாக ஸ்விட்ச் வாங்கி ஏமாறுபவர்கள் நிறைய.

காந்த வகையின் நிஜமான பலன் ரேபிட் டிரிகர்: விரலை லேசாகத் தூக்கியதுமே கீ விடுபட்டதாகக் கணக்கு. எதிரெதிர் திசைக் கீகள் இரண்டை ஒன்றாக அழுத்தினால் கடைசியில் அழுத்தியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஸ்னாப் டேப் போன்ற வசதி வேறு. இந்த ஸ்னாப் டேப் வகையை 2024 ஆகஸ்டிலேயே கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 கேமின் அதிகாரப்பூர்வ சர்வர்களில் அதன் கம்பெனியான வால்வ் தடை செய்துவிட்டது, பயன்படுத்தினால் மேட்சிலிருந்து தூக்கிவிடுவார்கள். அந்த கேமுக்காக வாங்குபவர் இதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

8000 ஹெர்ட்ஸ் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை கணினியிடம் செய்தி போகும், 8000 என்றால் 0.125 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃபிரேமே ஏறக்குறைய 7 மில்லிசெகண்டு இருக்கும்போது இந்த வித்தியாசத்துக்காக என் பர்ஸ் திறக்காது.

கீகேப், அதாவது விரல் படும் மேல் மூடி, பிபிடி பிளாஸ்டிக்காக இருந்தால் சீக்கிரம் தேய்ந்து பளபளக்காது. கடைசி வரிசையில் ஸ்பேஸ்பார் வழக்கமான 6.25u அளவில் (ஒரு எழுத்துக் கீயின் அகலத்தைப் போல 6.25 மடங்கு) இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள், வேறு அளவு என்றால் பின்னாளில் மாற்று கீகேப் செட் கிடைப்பது குதிரைக்கொம்பு.

சாஃப்ட்வேரில் ஒரே ஒரு சோதனை போதும். ஒரு மேக்ரோவும் (ஒரே கீயில் பதிந்துவைக்கும் பல அழுத்தங்களின் வரிசை) ஒரு விளக்கு அமைப்பும் வைத்துவிட்டு, அந்த சாஃப்ட்வேர் இல்லாத வேறொரு கணினியில் செருகுங்கள். இரண்டும் அப்படியே வந்தால் கீபோர்டின் சொந்த நினைவகத்தில் பதிந்திருக்கிறது. வராவிட்டால் கம்பெனி கடையை மூடும் நாளில் உங்கள் டயலும் வெறும் உருளைதான். கியூஎம்கே என்ற திறந்த மூல கீபோர்டு ஃபர்ம்வேர், அதை அமைக்க உதவும் வியா ஆகியவற்றின் ஆதரவு இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

விண்டோஸில் தமிழ் உள்ளீடும் வைத்திருப்பவர்கள் கேமிங் மோடையும் சோதியுங்கள். சண்டை நடுவில் ஆல்ட்டும் ஷிஃப்டும் ஒன்றாகப் பட்டால் மொழி தமிழுக்கு மாறி, பல கேம்களில் ஓடவும் முடியாது, சுடவும் முடியாது. விண்டோஸ் கீயை மட்டும் பூட்டும் மோட் இதற்கு உதவாது, ஆல்ட்-ஷிஃப்டையும் சேர்த்துப் பூட்ட முடிகிறதா என்று அமைப்பில் தேடுங்கள்.

இதையெல்லாம் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள், அதுவரை பெட்டியையும் உள்ளே இருக்கும் ஃபோமையும் தூக்கிப் போடாதீர்கள்.