தோட்டத்துக் காருக்குப் பிரேக் சாமான்: கட்டுப்படியான விலையில் வாங்குவது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் ஓடுகிற கார்களுக்கு பிரேக் பேட் தேய்வது ஒரு பக்கம். சேறும் தூசியும் புகுந்து பிரேக் இறுகிக்கொள்வது இன்னொரு பக்கம். எது நடந்திருக்கிறது என்று பார்க்காமல் கடைக்குப் போனால் தேவையில்லாததை வாங்கி, தேவையானதை விட்டுவிட்டு வருவோம். அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஜாக்கிதான். மைவி, சாகா மாதிரியான கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க் (இரண்டு பேட்கள் இருபுறமும் பிடிக்கிற, சுழலும் வட்டத் தகடு), பின்னால் டிரம் (உள்ளே ஷூ என்ற வளைந்த கட்டைகள் அழுத்துகிற உருளை). முன்பக்கம்தான் அதிகம் உழைக்கும், சீக்கிரம் தேயும். இங்கே அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் கழற்றி அளந்து பாருங்கள்

சமதளமான சிமெண்டுத் தரையில் காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளை ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே சற்றுத் தளர்த்திவிடுங்கள். தூக்கியதும் ஜாக்கி ஸ்டாண்ட் வைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் கையையோ தலையையோ உள்ளே விடாதீர்கள். செங்கல்லும் ஸ்டாண்ட் ஆகாது, அது உடையும். சக்கரத்தைக் கழற்றியதும் தெரிகிற கறுப்புத் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. பழைய சாமான்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்து ஈரத்துணியால் துடையுங்கள்.

பேடின் இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, உராய்கிற பகுதியை மட்டும் அளவுகோலால் அளங்கள். புதிய பேடில் அது ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றுவது நல்லது.

உள்பக்கப் பேடையும் வெளிப்பக்கப் பேடையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. ஒன்று நன்றாகத் தேய்ந்து, மற்றது புதிதுபோல் இருந்தால் குறை பேடில் இல்லை. கேலிப்பர் (பேட்களைப் பிடித்திருக்கும் பகுதி) நகர உதவும் பின்கள் காய்ந்து இறுகியிருக்கும், அல்லது பேடை அழுத்தும் பிஸ்டன் சிக்கியிருக்கும். அந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த பேடைப் போட்டாலும் அதுவும் அப்படியேதான் தேயும். பின் இறுகியிருந்தால் கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சாதாரண சேசிஸ் கிரீஸ் வேண்டாம், ரப்பர் உறை ஊதிப்போகும். பிஸ்டன் சிக்கியிருந்தால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். துரு மறைத்திருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். வெர்னியர் வைத்து அளந்து, அந்த எண்ணைவிடக் குறைந்திருந்தால் இரண்டு பக்க டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். தடிமன் தாராளமாக இருந்து, பிரேக் அழுத்தும்போது பெடல் துடித்தால் லேத்தில் கொடுத்துச் சீவிக்கொள்ளலாம். சீவிய பிறகும் அந்த எண்ணுக்கு மேல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். புது டிஸ்க்கின் செலவு மிச்சம்.

கடையில் என்ன சொல்வது

“தவுக்கே, மைவி பேட்” என்று மட்டும் சொன்னால் போதாது. மைவி 2005இல் வந்தது, 2011இல் மாறியது, 2017இல் மறுபடி மாறியது. சாகா 1985 முதல் ஓடுகிறது, கேட்கவே வேண்டாம். ஒரே தலைமுறையிலும் இன்ஜினுக்கு ஏற்ப பிரேக் மாறலாம். கெரானில் (காரின் பதிவுப் பத்திரத்தில்) உள்ள சேசிஸ் எண்ணைக் கொடுங்கள், பழைய பேடையும் கையோடு கொண்டுபோங்கள். கெரானைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

எந்த வகைப் பேட்?

ஆர்கானிக் பேட் மென்மையானது, சத்தம் குறைவு, விலையும் குறைவு. சீக்கிரம் தேயும், அதிகச் சூட்டில் பிடி தளரும். இரும்புத்தூள் கலந்த செமி மெட்டாலிக் சூட்டைத் தாங்கும், ஆனால் சற்றுக் கூச்சலிடும், டிஸ்க்கையும் கூடுதலாகத் தேய்க்கும். செராமிக் சத்தமில்லாமல் நீண்ட நாள் வரும், விலைதான் இடிக்கும். தோட்டத்துக்கும் டவுனுக்கும் ஓடுகிற காருக்கு நல்ல ஆர்கானிக் போதும் என்பது என் கருத்து. ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு அடிக்கடி கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்குகிறவர்கள் செமி மெட்டாலிக் பார்க்கலாம்.

பேடின் விளிம்பிலோ தகட்டிலோ வரிசையாக அச்சிட்ட குறியீடு ஒன்று இருக்கும். அதன் கடைசியில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்துகள் வரும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதைச் சொல்லும், இரண்டாவது அதிகச் சூட்டில். ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. முதல் எழுத்து ‘எஃப்’, இரண்டாவது ‘ஈ’ என்றால் சூடேறினால் பிடி குறையும் என்று அர்த்தம். ஆயுளையும் தரத்தையும் இந்த எழுத்துகள் சொல்லாது, அதையும் நினைவில் வையுங்கள். வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் 90ஆர் என்றும் இருந்தால் ஐரோப்பிய விதிப்படி சோதித்த பேட். மலிவு விலையில் இந்த முத்திரை கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம்.

பெண்டிக்ஸ், அகெபோனோ, நிஷின்போ போன்ற பெயருள்ள பேட்கள் கம்பெனி ஒரிஜினலைவிடக் குறைந்த விலையிலும் கிடைக்கும். ஆனால் பெயர் இருக்கிற இடத்தில் போலியும் இருக்கும். ஷாப்பியில் எல்லாரையும்விடப் பாதி விலைக்கு ஒருவர் மட்டும் விற்றால் சந்தேகப்படுங்கள். பெட்டியில் எழுத்துப் பிழை, பேட்ச் எண் இல்லாமை, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்வது, நான்கு பேடும் நான்கு நிறம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். பழைய கார்களை வெட்டிச் சாமான் விற்கும் ஹாஃப்கட் கடையில் கேலிப்பர் வாங்கலாம், உள்ளே ரப்பர் சீல் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பேட், ஷூ, பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத சில்லறைச் சாமான்

கிளிப், ஷிம் (பேடின் முதுகில் வைக்கும் மெல்லிய தகடு), சிலிக்கான் கிரீஸ், பிரேக் ஆயில். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை: கார் புத்தகம் டாட் 3 கேட்டால் டாட் 4 ஊற்றலாம். அதன் கொதிநிலை கூடுதல்: புதிய எண்ணெயில் டாட் 3க்குக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4க்கு 230. டாட் 5 சிலிக்கான், இவற்றோடு கலக்கக் கூடாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர் ஈரத்துக்குச் சொல்லவே வேண்டாம். அதனால் மூடி திறந்து மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலை ஊற்றாதீர்கள், சின்ன பாட்டிலாக வாங்குங்கள்.

மாட்டிய பிறகு

கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டாங்கியில் ஆயில் ஏறும், வழிந்தால் பெயிண்ட் போய்விடும். எல்லாம் மாட்டிய பின், கார் நகர்வதற்கு முன்பே, பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். கெட்டியாகவில்லை என்றால் ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

அப்புறம், புதுப் பேட் டிஸ்க்கோடு படிவதற்காக, லாரி வராத நேராக நீண்ட சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10க்கு நிதானமாக வேகம் குறையுங்கள். இடையில் சற்று ஓடவிட்டுச் சூடு தணிந்ததும் மறுபடி. பத்துத் தடவை போதும். முழுதாக நிறுத்தி பெடலை மிதித்தபடியே நிற்காதீர்கள். அடுத்த வாரம் ஒரு தடவை வீல் நட்டுகளை முறுக்கிப் பாருங்கள், ஆயில் அளவையும் கவனியுங்கள்.