ஃபின்லாந்தின் வடகாட்டில் இரவு தங்க இடம் தேடுவது எப்படி?

ஃபின்லாந்தின் வடகோடிப் பகுதியான லாப்லாந்தில் தங்குமிடம் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை கண்ணாடிக் கூரை போட்ட இக்ளூ அறைகள்தான். படுத்தபடியே வடதுருவ ஒளியைப் பார்க்கலாம் என்பார்கள். வாடகையைப் பார்த்ததும் தூக்கம் போய்விடும். இந்தப் பதிவு அவற்றைப் பற்றியது அல்ல. சாலை முடிந்துபோகிற இடத்துக்கு அப்பால், முதுகில் பையோடு நடந்து போகிறவர்களுக்காக ஃபின்லாந்து அரசின் வனத்துறை நிறுவனமான மெட்சாஹல்லிதுஸ் பராமரிக்கும் மரக்குடில்களைப் பற்றியது. அவற்றில் பலவற்றுக்குப் பூட்டும் இல்லை, வாடகையும் இல்லை.

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் பாதையை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு தங்குமிடம் தேடுகிறார்கள். வடக்கே அது தலைகீழாக நடக்க வேண்டும். இரவுக்கான கூரைகளை முதலில் வரைபடத்தில் குறியுங்கள். ஒரு கூரைக்கும் அடுத்த கூரைக்கும் நடுவே உங்கள் கால்களால் முடிகிற தூரம்தான் உங்கள் பாதை.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

முதல் பயணத்துக்கு என் பரிந்துரை ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம். கொசுக்கள் ஓய்ந்திருக்கும். செப்டம்பரில் குட்டைச் செடிகளும் பிர்ச் மரங்களும் சிவப்பும் மஞ்சளுமாக மாறும். ஃபின்லாந்துக்காரர்கள் இந்தப் பருவத்தை ‘ருஸ்கா’ என்கிறார்கள். அவர்களும் அப்போதுதான் கூட்டமாக மலையேற வருவார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் பாதி முதல் ஜூலை முழுவதும் இரவு என்பதே பெயருக்குத்தான். எவ்வளவு நேரம் ஆனாலும் வெளிச்சத்திலேயே குடிலைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கொசுவலைத் தொப்பி இல்லாமல் ஒரு வாய் சோறு உண்ண முடியாது. மே மாதத்திலும், உயரமான பகுதிகளில் ஜூனிலும்கூட, பனி உருகி ஓடைகள் பெருகியிருக்கும். பனிச்சறுக்கில் பழக்கம் உள்ளவர்களுக்கு மார்ச், ஏப்ரல் அருமையான மாதங்கள். பழக்கம் இல்லாதவர்கள் குளிர்காலத்தை முதல் பயணமாக வைத்துக்கொள்ளவே வேண்டாம். டிசம்பரில் சில வாரங்கள் சூரியன் எழவே எழாது.

படி 2: குடில்களின் வகையைப் பிரித்தறியுங்கள்

மெட்சாஹல்லிதுஸ் நடத்தும் ‘லுவோன்டோன்.ஃபி’ என்ற தளத்தில் தேசியப் பூங்காக்கள், பாதைகள், குடில்கள் எல்லாமே இருக்கின்றன. ஆங்கிலத்திலும் படிக்கலாம். ஆனால் வரைபடங்களிலும் வழிகாட்டிப் பலகைகளிலும் ஃபின்னிஷ் பெயர்கள்தான் இருக்கும். ஐந்து சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

அவுதியோதுபா என்பது திறந்த குடில். பூட்டு இல்லை, கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. வரவுஸ்துபா என்பது முன்பதிவுக் குடில். பணம் கட்டிப் படுக்கை பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அது திறக்கும். பைவாதுபா என்பது பகல் குடில். உட்கார்ந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம், ஆபத்து வேளை தவிர அங்கே இரவு தங்கக் கூடாது. லாவு என்பது ஒரு பக்கம் முழுக்கத் திறந்திருக்கும் சாய்கூரைக் கொட்டகை. கோட்டா என்பது நடுவே அடுப்பு வைத்த கூம்புக் குடிசை.

புதியவர்கள் சறுக்குவது பகல் குடிலில்தான். வரைபடத்தில் வீட்டுக் குறியைப் பார்த்ததும் படுக்க இடம் என்று எண்ணிவிடுகிறார்கள். ஒவ்வொரு குறியையும் தொட்டுப் பார்த்து, எந்த வகை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துருவமான் வளர்ப்பவர்களின் சொந்தக் குடில்களும் அங்கங்கே தென்படும். அவை உங்களுக்கானவை அல்ல.

படி 3: திறந்த குடிலின் சட்டத்தைப் படியுங்கள்

இந்த ஏற்பாடு முழுவதையும் தாங்கி நிற்பது ஒரே விதிதான்: கடைசியாக வந்து சேர்பவருக்கே முதல் உரிமை.

மாலை நாலு மணிக்கு நீங்கள் வந்து, அடுப்பு மூட்டி, ஈரக் காலுறைகளைக் கொடியில் காயப்போட்டு, பலகை மேடையில் உறங்குபையை விரித்துப் படுத்திருக்கிறீர்கள். இரவு பத்து மணிக்கு மழையில் நனைந்த நான்கு பேர் கதவைத் திறக்கிறார்கள். இடம் போதவில்லை. அப்போது எழுந்து வெளியே போய்க் கூடாரம் அடிக்க வேண்டியவர் நீங்கள்தான். ‘முதலில் வந்தது நான்’ என்று அங்கே வழக்காட முடியாது. உங்களுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, உடை காய்ந்துவிட்டது, வயிறும் நிறைந்துவிட்டது. இப்போது வந்தவருக்கு இந்த மூன்றும் இல்லை என்பதுதான் விதியின் நியாயம். நடைமுறையில் பெரும்பாலும் எல்லோரும் நெருக்கிப் படுத்து இடம் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அது அவர்களுடைய நல்ல மனம். அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

ஆகவே திறந்த குடில்களை மட்டும் நம்பி நடப்பவரும் கூடாரம் சுமந்தே ஆக வேண்டும். எடை குறைக்கிறேன் என்று கூடாரத்தை விட்டுவிட்டுப் போகச் சொல்லும் ஆலோசனைகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை மதிக்காதீர்கள்.

ஒரே திறந்த குடிலில் ஓரிரவு, மிஞ்சினால் இரண்டு இரவு தங்கலாம். பயண நிறுவனங்கள் அழைத்துவரும் குழுக்களுக்கு இவை கிடையாது. நண்பர்கள் பெரிய கூட்டமாகப் போவதானாலும் முன்பதிவுக் குடிலோ கூடாரமோதான் முறை.

படி 4: முன்பதிவுக் குடிலில் படுக்கை எடுங்கள்

மெட்சாஹல்லிதுஸின் இணையக் கடையான ‘எராலுவாத்’ தளத்தில் முன்பதிவு செய்யலாம், அல்லது பூங்காவின் பார்வையாளர் மையத்தில் நேரில் கேட்கலாம். பெரும்பாலும் முழுக் குடிலை அல்ல, ஒரு படுக்கையைத்தான் எடுக்கிறீர்கள். பக்கத்துப் படுக்கையில் முன்பின் அறியாதவர் படுத்திருப்பார் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பணம் கட்டியதும் கதவை எப்படித் திறப்பது என்று பாருங்கள். சாவி என்றால் எந்த மையத்தில், எத்தனை மணி வரை தருவார்கள் என்று கேட்டு வையுங்கள். மையம் மூடிய பிறகு போய்ச் சேர்ந்தால் கையில் ரசீது இருக்கும், கதவு திறக்காது. பல இடங்களில் திறந்த குடிலும் முன்பதிவுக் குடிலும் ஒரே முற்றத்தில் இருக்கும், சில சமயம் ஒரே கட்டடத்தில் இரண்டு கதவுகளாகவும் இருக்கும். புதியவர்களுக்கு இத்தகைய இடங்களே உகந்தவை. திட்டம் ஒரு நாள் தள்ளிப்போனாலும் பக்கத்துக் கதவு திறந்திருக்கும்.

படி 5: விசாவுக்கான கணக்கு

இந்திய, இலங்கை கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்குத் தங்குமிடச் சான்றும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் கேட்பார்கள். திறந்த குடிலுக்கு முன்பதிவே கிடையாது என்னும்போது சான்று எங்கிருந்து வரும்? அதனால் முதல் பயணத்தில் காட்டு இரவுகளில் முடிந்தவற்றுக்கு முன்பதிவுக் குடில் ரசீது, ஊர் இரவுகளுக்கு விடுதி ரசீது, எஞ்சிய இரவுகளுக்குப் பாதையின் பெயரையும் குடிலின் பெயரையும் தேதியோடு எழுதிய பயணத்திட்டக் கடிதம் என்று தயார் செய்யுங்கள். காப்பீடு எடுக்கும்போது மலைநடை அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். சாகச நடவடிக்கை என்ற பெயரில் அதை விலக்கி வைத்திருக்கும் பாலிசிகளும் உண்டு.

படி 6: ஒரு பாதையில் பயிற்சி: ஹெத்தாவிலிருந்து பல்லாஸ்

எடுத்துக்காட்டுக்கு, ஹெத்தா என்ற ஊரிலிருந்து பல்லாஸ் மலைப்பகுதி வரை போகும் ஹெத்தா–பல்லாஸ் பாதையை எடுத்துக்கொள்வோம். பல்லாஸ்–இல்லாஸ்துன்துரி தேசியப் பூங்காவுக்குள் ஏறக்குறைய 55 கிலோமீட்டர் நீளம். 1930களிலேயே குறியிடப்பட்ட பழைய பாதை. தெளிவான அடையாளக் கம்பங்கள் உண்டு, குடில்களும் நெருக்கமாக இருக்கின்றன. காட்டுநடைக்குப் புதியவர்களை நான் அனுப்புவது இங்கேதான்.

ஹெல்சின்கியிலிருந்து இரவு ரயிலில் ரோவனியெமி அல்லது கோலாரி, அங்கிருந்து பஸ். வடக்கே பஸ்கள் குறைவு, பருவத்துக்குப் பருவம் நேரமும் மாறும். ஆகவே குடில் தேதியைப் பதிவு செய்வதற்கு முன்பே பஸ் நேரத்தைப் பாருங்கள்.

ஹெத்தாவில் இறங்கியதும் வழியில் நிற்பது ஓவுனாஸ்யார்வி ஏரி. கோடையில் உள்ளூர் படகுக்காரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு அக்கரையில் விடுவார்கள். படகுக்கு முதல் நாளே சொல்லி வைப்பது நல்லது. அக்கரை ஏறி, காட்டைக் கடந்து, பியூஹாகேரோ என்ற மொட்டைக் குன்றின் மேலே போனால் முதல் இரவுக்கு சியோஸ்குரு. திறந்த குடிலும் முன்பதிவுக் குடிலும் அங்கே உண்டு. மறுநாள் தப்புரி, பஹாகுரு குடில்களைத் தாண்டி ஹன்னுகுரு. இது ஏறக்குறைய பாதி வழி. ஏரிக்கரையில் ஒரு சவுனா, அதாவது விறகடுப்பில் சூடேற்றும் வியர்வைக் குளியலறை, இருக்கிறது. விறகு நீங்களே பிளந்து, தண்ணீர் நீங்களே சுமந்து சூடேற்ற வேண்டும். வியர்த்து வெளியே வந்து ஏரியில் இறங்குங்கள். இதற்காகவே ஹன்னுகுருவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிறவர்கள் உண்டு, அதில் தவறு காண மாட்டேன்.

மூன்றாம் நாள் மொன்தெல்லி என்ற சிறிய திறந்த குடிலுக்கு ஏறி, அங்கிருந்து சிறிது தொலைவில் நம்மலகுரு. இங்கும் இரு வகையும் உண்டு. கடைசி நாள் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நடந்து பல்லாஸ். இந்தப் பூங்காவின் மிக உயர்ந்த சிகரமான தைவாஸ்கேரோ அங்கேதான் நிற்கிறது, உயரம் 809 மீட்டர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கின்போது நள்ளிரவுச் சூரியச் சுடர் என்று ஒன்றை இந்த மலையில்தான் ஏற்றினார்கள்.

இப்போது இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வோர் இரவுக்கும் எதிரே இரண்டாவது கூரை ஒன்றையும் எழுதுங்கள். ஹன்னுகுரு நிரம்பிவிட்டால் அதற்குச் சற்று முன்பே வழியில் கடந்துவந்த பஹாகுரு, நம்மலகுரு நிரம்பிவிட்டால் மொன்தெல்லி. இரண்டாவது பெயர் எழுத முடியாத இரவு வந்தால், அன்றைக்கு முன்பதிவு கட்டாயம்.

படி 7: கூடாரம் எங்கே அடிக்கலாம்

ஃபின்லாந்தில் ‘ஒவ்வொருவருக்குமான உரிமை’ என்று ஒன்று உண்டு. வீடுகளுக்கு அருகில் போகாமல், யாருக்கும் தொந்தரவு இல்லாமல், பிறர் நிலத்திலும் தற்காலிகமாகக் கூடாரம் அடிக்கலாம், பெர்ரி பறிக்கலாம். ஆனால் நெருப்பு மூட்டுவது அந்த உரிமையில் அடங்காது, அதற்கு நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். தேசியப் பூங்காக்களுக்குத் தனி விதிகள் உண்டு. பல பகுதிகளில் குடில்கள், நெருப்பிடங்களின் அருகில் மட்டுமே கூடாரத்துக்கு அனுமதி. காட்டுத்தீ எச்சரிக்கை அமலில் இருக்கும் நாட்களில் வெளியே நெருப்பு கூடாது, சிறு கேஸ் அடுப்பில் சமைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: குடிலுக்குள் போனதும்

திறந்த குடிலில் மெத்தை இருக்காது. சுவரோரம் வரிசையாகப் படுக்க ஒரு பலகை மேடை, ஒரு மேசை, இரும்பு அடுப்பு, பெரும்பாலும் ஒரு கேஸ் அடுப்பு. வெளியே விறகுக் கொட்டகையும் உலர் கழிவறையும். மின்சாரம் கிடையாது, குழாய் கிடையாது. தண்ணீர் ஓடையிலிருந்து எடுத்துக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். உறங்குபை, தரைவிரிப்பு, கழிவறைக் காகிதம், நெற்றி விளக்கு எல்லாம் உங்கள் பையில் இருக்க வேண்டும். குப்பைத்தொட்டியும் இல்லை. கொண்டுபோனது எல்லாம் உங்களோடு திரும்பும்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் நிதானம் தேவை. புகைபோக்கியில் ஒரு இரும்புத் தட்டு இருக்கும், இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். மூட்டுவதற்கு முன் அதைத் திறந்தாயிற்றா என்று பாருங்கள். இரவு சூடு போய்விடக் கூடாது என்ற ஆசையில் தணல் கனன்றுகொண்டிருக்கும்போதே மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு அறையில் நிறையும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கரியில் நீலச் சுவாலையோ சிவப்போ கொஞ்சமேனும் தெரிகிற வரை தட்டைத் தொடாதீர்கள். கேஸ் அடுப்பை அணைத்த பிறகு சிலிண்டரின் வால்வையும் மூடுங்கள்.

மேசையில் ஒரு குறிப்பேடு கிடக்கும். பெயர், வந்த தேதி, எங்கிருந்து வந்தீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள் என்று எழுதுங்கள். யாராவது காணாமல் போனால் மீட்புக் குழு புரட்டிப் பார்க்கும் தாள்களில் அதுவும் ஒன்று. கிளம்பும்போது தரையைக் கூட்டி, அடுத்தவருக்காக உள்ளே கொஞ்சம் உலர்ந்த விறகும் சிராய்களும் அடுக்கிவிட்டு, கதவையும் சன்னலையும் சாத்திவிட்டுப் போங்கள்.

படி 9: ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்

பாதையில் பல இடங்களில் செல்பேசி சிக்னல் கிடைக்காது. உங்கள் குடில் பட்டியலை, அந்த இரண்டாவது பெயர்களோடு சேர்த்து, விடுதிக்காரரிடமோ ஃபின்லாந்திலேயே இருக்கும் உறவினரிடமோ கொடுத்து, எந்த நாள் எத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் அவசர எண்ணான 112க்குச் சொல்ல வேண்டும் என்று தெளிவாகக் குறியுங்கள். ‘112 சுவோமி’ செயலியை இறக்கி வைத்தால், அதிலிருந்து அழைக்கும்போது நீங்கள் நிற்கும் இடம் தானாகவே அவசர மையத்துக்குப் போய்ச் சேரும். அச்சிட்ட வரைபடமும் திசைகாட்டியும் பையின் மேல் அறையில் இருக்கட்டும், குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். பல்லாஸில் இறங்கி சிக்னல் கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, வந்து சேர்ந்துவிட்டேன் என்று அவரை அழைத்துச் சொல்வது.