சோர்ந்த நாளிலும் செய்ய முடிகிற இலக்கு: தன்மாற்றத்தைத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் உற்சாகம் மிகுந்த ஒரு நாளில்தான் பிறக்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்த காலையிலோ, ஆண்டின் முதல் நாளிலோ உட்கார்ந்து, நாள்தோறும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி, மாதம் நான்கு நூல்கள், இரவு பத்து மணிக்குத் தூக்கம் என்று எழுதிவைக்கிறோம். அன்றைய மனநிலையில் அவை அனைத்தும் எட்டக்கூடியவையாகவே தோன்றுகின்றன. ஆனால் வேலை முடிந்து தாமதமாக வீடு திரும்பிய நாளிலும், முந்தைய இரவு தூக்கம் கெட்ட நாளிலும், யாருடனோ மனத்தாங்கல் ஏற்பட்ட நாளிலும் அதே திட்டத்தைத்தான் நாம் நிறைவேற்றியாக வேண்டியிருக்கிறது. அங்கே அது குலைகிறது. உடனே தமக்கு மனஉறுதி போதவில்லை என்று பலரும் தம்மையே நொந்துகொள்கிறார்கள். நான் கவனித்தவரை, குறை பெரும்பாலும் இலக்கின் அளவில்தான் இருக்கிறது.

ஆகவே இந்த விளக்கம் முழுவதும் ஒரே கருத்தைச் சுற்றியே செல்கிறது: தொடக்க இலக்கை உங்களுடைய சிறந்த நாளைக் கொண்டு அளக்காமல், மிகச் சோர்ந்த நாளைக் கொண்டு அளந்து வையுங்கள். ஒரு குறிப்பேடும், பேனாவும், இடையூறு இல்லாத அரை மணி நேரமும் இருந்தால் முதல் நான்கு படிகளை இன்றே முடித்துவிடலாம்.

படி 1: ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

மாற்ற விரும்புவன அனைத்தையும் முதலில் ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டவை மனத்தில் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கும் என்பதால் இந்தப் பட்டியல் நீளமாக இருந்தாலும் தவறில்லை. பிறகு ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இதை விரும்புவது நானா, அல்லது பிறர் சொல்லிச் சொல்லி என் பட்டியலில் நுழைந்ததா? பிறருடைய அனுமதிக்கோ உதவிக்கோ காத்திராமல் இந்த வாரமே இதைத் தொடங்க முடியுமா? இரண்டிலும் தேறுகிற ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை மூடிவையுங்கள். ஒரே நேரத்தில் நான்கைத் தொடங்குவது அகலக்கால் வைப்பதாகவே முடியும். ஒன்று தடுமாறினால் மற்ற மூன்றும் அதனோடு சரிகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். நீண்ட காலமாக மிகுதியாக மது அருந்தி வருபவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான உடல் விளைவுகள் ஏற்படலாம். அத்தகைய மாற்றத்தை மருத்துவரின் துணையோடுதான் தொடங்க வேண்டும். எதிலும் நாட்டமில்லாத மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தாலும் முதல் படி மருத்துவரைப் பார்ப்பதே.

படி 2: விளைவைச் செயலாக மாற்றி எழுதுங்கள்

எடையைக் குறைப்பது, ஒரு மொழியில் சரளமாகப் பேசுவது, அமைதியாக இருப்பது ஆகியவை விளைவுகள். அவை உங்கள் கட்டுப்பாட்டில் முழுமையாக இல்லை. இன்று மாலைக்குள் அவற்றைச் செய்து முடித்தேன் என்று சொல்லவும் முடியாது. நடப்பது, ஐந்து சொற்களை உரக்கப் படிப்பது, பதில் சொல்லுமுன் ஒருமுறை மூச்சை இழுத்து விடுவது ஆகியவை செயல்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த விருப்பத்தை, பக்கத்தில் நின்று பார்க்கும் ஒருவர் 'செய்தார்' அல்லது 'செய்யவில்லை' என்று ஐயமின்றிச் சொல்லக்கூடிய ஒரு செயலாக மாற்றி எழுதுங்கள்.

தொலைவில் இருக்கும் விளைவைவிட அருகில் இருக்கும் இலக்கு ஏன் வலுவானது என்பதற்கு, உளவியலாளர்கள் ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்கும் 1981இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. கணக்கில் மிகவும் பின்தங்கியும் அதில் ஆர்வமிழந்தும் இருந்த சிறுவர்களுக்குக் கழித்தல் கணக்குகள் கொண்ட 42 பக்கங்கள் கொடுக்கப்பட்டன. ஒரு குழுவினரிடம் ஏழு அமர்வுகளில் 42 பக்கங்களையும் முடிக்கலாம் என்று சொன்னார்கள். இன்னொரு குழுவினரிடம் அமர்வுக்கு 6 பக்கங்கள் என்று சொன்னார்கள். மொத்த வேலை இரண்டு குழுவுக்கும் ஒன்றேதான். ஆயினும் 6 பக்கங்களை இலக்காகக் கொண்ட சிறுவர்களே கணக்கை நன்றாகக் கற்றார்கள்; தம்மால் முடியும் என்ற நம்பிக்கையிலும், கணக்கின் மீதான ஆர்வத்திலும்கூட அவர்களே முன்னால் நின்றார்கள். ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் 'எடுத்ததை முடித்தேன்' என்று உணர அவர்களுக்கு வாய்ப்பிருந்தது. 42 பக்கங்களை நோக்கிச் சென்றவர்களோ, ஆறு பக்கங்களை முடித்த பின்னும் மீதமுள்ள 36 பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

படி 3: சோர்ந்த நாளுக்கு ஏற்ப அளவைச் சுருக்குங்கள்

இந்த விளக்கத்தின் மையம் இந்தப் படிதான். பலரும் அரைமனத்தோடு கடந்து செல்வதும் இதைத்தான்.

கடந்த சில மாதங்களில் உங்களுக்கு வாய்த்த மிகச் சோர்வான சாதாரண நாளை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். கடும் காய்ச்சலோ துயரச் செய்தியோ வந்த நாள் வேண்டாம். அலைச்சலும் எரிச்சலும் நிறைந்து, படுத்தால் போதும் என்று தோன்றிய ஒரு நாள் போதும். அந்த இரவில் நீங்கள் எழுதிய செயலைச் செய்திருப்பீர்களா? 'ஆம்' என்ற விடை தயக்கமில்லாமல் வந்தால் அளவு சரி. 'முயன்றிருப்பேன்' என்றோ 'பார்த்திருக்கலாம்' என்றோ விடை வந்தால் அளவைப் பாதியாக்கி மீண்டும் அதே கேள்வியைக் கேளுங்கள். முப்பது நிமிட நடை பதினைந்தாகி, ஏழாகி, கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை சென்று திரும்புவதில் வந்து நிற்கலாம். ஒரு நாளுக்கு இருபது பக்கங்கள் என்பது இரண்டு பக்கங்களாகலாம். நாட்குறிப்பு எழுத விரும்புபவருக்கு ஒரே ஒரு வாக்கியமே மிஞ்சலாம்.

இவ்வளவு சிறியதால் என்ன பயன் என்று இந்த இடத்தில் கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானது. தெருமுனை வரை நடப்பதால் எடை குறையப் போவதில்லை. அதை மறைக்க வேண்டியதும் இல்லை. தொடக்க வாரங்களில் இந்தச் செயலிடமிருந்து நாம் எதிர்பார்ப்பது விளைவை அன்று. உங்கள் நாளுக்குள் அதற்கென்று ஓர் இடம் உறுதியாக அமைந்தால் போதும். இடம் அமைந்துவிட்ட ஒன்றைப் பின்னர் பெரிதாக்குவது எளிது. ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுத்துத் தொடங்க வேண்டிய ஒன்றை, அது எவ்வளவு பயனுள்ளதாக இருந்தாலும், பல மாதங்கள் காப்பாற்றுவது கடினம்.

மனம் உற்சாகமாக இருக்கும் நாளில் இரண்டுக்குப் பதில் இருபது பக்கங்கள் படிக்கலாமா என்றால், தாராளமாகப் படிக்கலாம். ஆனால் இலக்கு இரண்டாகவே இருக்கட்டும். நேற்று இருபது படித்தேன், ஆகவே இன்றும் இருபது படிக்க வேண்டும் என்று நினைக்கத் தொடங்கினால், இலக்கு உங்களுக்குத் தெரியாமலே சிறந்த நாளின் அளவுக்கு வளர்ந்துவிடும்.

உளவியலாளர்கள் எட்வின் லாக்கும் கேரி லேதமும் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளில், தெளிவான, சற்றுக் கடினமான இலக்குகளே மனிதரின் செயல்திறனை உயர்த்துவதாகக் கண்டார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, இங்கே சொல்லப்படுவது அதற்கு முரணாகத் தோன்றக்கூடும். அவர்களே அதற்குச் சில நிபந்தனைகளையும் சொல்லியிருக்கிறார்கள்: இலக்கை எட்டத் தேவையான திறமை இருக்க வேண்டும், இலக்கின் மீது பற்றும் இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவரிடம் இவை இனிமேல்தான் வளர வேண்டும். கடினமான இலக்குக்கு உரிய காலம் பின்னால் வரும்.

படி 4: எதற்குப் பின், எங்கே என்று எழுதுங்கள்

'தினமும் இரண்டு பக்கங்கள் படிப்பேன்' என்பது இன்னும் முழுமையான திட்டமாகவில்லை. அது எப்போது நடக்கும் என்ற முடிவை நாள்தோறும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவைத் தள்ளிப்போடுவது மிக எளிது. 'இன்னது நடந்தவுடன் இன்னதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே எழுதிவைப்பவர்கள் தம் எண்ணத்தைச் செயலாக்குவதில் கூடுதலாக வெற்றி பெறுகிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் இருந்து ஆராய்ந்து வந்தார். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இந்த எளிய உத்தியின் பயன் குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதாகத் தெரிந்தது.

ஆகவே உங்கள் வாக்கியத்தை இப்படி எழுதுங்கள்: 'இரவு பல் துலக்கிப் படுக்கையில் அமர்ந்தவுடன், தலையணைக்கு அருகில் உள்ள நூலில் இரண்டு பக்கங்கள் படிப்பேன்.' முன்னால் வரும் நிகழ்வைத் தேர்ந்தெடுப்பதில் அக்கறை காட்டுங்கள். அது எந்த நாளும் தவறாமல் நிகழ வேண்டும். புதிய செயல் எத்தனை முறை நடக்க வேண்டுமோ அத்தனை முறைதான் அதுவும் நிகழ வேண்டும். அது முடியும் நொடி தெளிவாகத் தெரிய வேண்டும். 'மாலையில் ஓய்வு கிடைக்கும்போது' என்பது இவற்றில் ஒன்றையும் நிறைவு செய்யாது. 'வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்தவுடன்' என்பது மூன்றையும் நிறைவு செய்யும். கடிகார நேரத்தைவிட இத்தகைய நிகழ்வுகளே நம்பத்தக்கவை. மணி ஏழு ஆனதைக் கவனிக்கத் தவறலாம். பையைக் கீழே வைத்ததைக் கவனிக்கத் தவறுவது அரிது.

படி 5: இடத்தை முன்கூட்டியே தயார்செய்யுங்கள்

செயலைத் தொடங்கத் தேவையான பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும். நூல் அலமாரியில் இருந்தால் எழுந்து செல்ல வேண்டும். தலையணை அருகில் இருந்தால் எடுத்து விரித்தால் போதும்.

ஒரு பழக்கத்தை விட விரும்புபவர்கள் இதையே திருப்பிச் செய்ய வேண்டும். படுக்கையில் கைப்பேசி பார்ப்பதைக் குறைக்க விரும்பினால், 'பார்க்கமாட்டேன்' என்பதை இலக்காக எழுதாதீர்கள். செய்யாமையை நாளுக்குள் எந்த இடத்திலும் பொருத்திவைக்க முடியாது. 'பல் துலக்கச் செல்லுமுன் கைப்பேசியை அடுத்த அறையில் சார்ஜில் போடுவேன்' என்று எழுதுங்கள். அது செய்யக்கூடிய செயல். அதோடு, மீண்டும் எடுக்க வேண்டுமானால் எழுந்து நடக்க வேண்டும் என்ற சிறு தடையையும் உண்டாக்குகிறது.

படி 6: செய்ததைக் குறித்துவையுங்கள்

நாட்காட்டியில் ஒரு குறி போதும். எத்தனை நிமிடம், எத்தனை பக்கம் என்ற விவரங்களை எழுதத் தொடங்கினால் குறிப்பதே ஒரு வேலையாகிவிடும்.

படி 7: தவறிய நாளுக்கான விதியை இப்போதே எழுதுங்கள்

நாள் தவறும். தவறிய பிறகு என்ன செய்வது என்பதை, தவறும் முன்பே, மனம் தெளிவாக இருக்கும்போது முடிவு செய்துவைப்பதுதான் அறிவுடைமை. ஒருமுறை விதியை மீறியவுடன் 'எல்லாம் கெட்டது, இனி எதற்கு' என்று முழுவதையும் கைவிடும் போக்கை, குடிப்பழக்கத்திலிருந்து மீள முயல்வோரிடம் உளவியலாளர் ஆலன் மார்லட் விரிவாக ஆராய்ந்தார். மீறலைவிட, மீறியவர் அதற்குக் கொடுக்கும் பொருள்தான் அவரைக் கீழே தள்ளுகிறது என்பது அவர் கண்ட உண்மை.

21 நாட்களில் பழக்கம் உருவாகிவிடும் என்ற பரவலான நம்பிக்கையும் இங்கே தீங்கு செய்கிறது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், முகத்தோற்றம் மாறிய நோயாளிகளுக்குப் புதிய முகம் பழகக் குறைந்தது சுமார் 21 நாட்கள் ஆவதாக 1960இல் எழுதியதிலிருந்து அது கிளைத்ததாகும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பில்லிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும், புதிய பழக்கம் ஒன்றைத் தொடங்கிய 96 பேரை 12 வாரங்கள் கண்காணித்தார்கள். செயல் தன்னியல்பாக நிகழும் நிலையை அடைய ஆகும் காலத்தின் நடுமதிப்பு (பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவாகவும் மீதிப் பேருக்கு அதைவிடக் கூடுதலாகவும் அமையும் அளவு) 66 நாட்களாக இருந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபடும் என்று அவர்கள் கணித்தார்கள். 22ஆம் நாளும் உங்களை நீங்களே நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருந்தால் அது முற்றிலும் இயல்பானது. இடையில் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

எனவே விதியை இவ்வாறு எழுதிக்கொள்ளுங்கள்: 'தவறிய நாளுக்கு அடுத்த நாள், அதே சிறிய அளவைச் செய்வேன், விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாகச் செய்யமாட்டேன்.' இரட்டிப்பாக்குவது நேர்மையான பரிகாரம்போல் தோன்றினாலும், சோர்ந்திருக்கும் நாளில் சுமையைக் கூட்டி இன்னொரு தவறுதலுக்கே வழிவகுக்கும். ஒரே வாரத்தில் மூன்று முறை தவறினால் உங்களைக் கடிந்துகொள்வதை விட்டுவிட்டு, 3ஆம், 4ஆம் படிகளுக்குத் திரும்பிச் செல்லுங்கள். அளவு இன்னும் பெரிதாக இருக்கிறது, அல்லது முன்னால் வரும் நிகழ்வு பொருத்தமில்லாமல் இருக்கிறது. தவறிய நாட்களை வரிசையாகப் பார்த்தால் எது காரணம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். விடுமுறை நாட்களில் மட்டும் தவறுகிறதென்றால், வேலைநாளில் மட்டுமே நிகழும் ஒன்றோடு அதைப் பிணைத்திருக்கிறீர்கள்.

படி 8: கூட்டும் காலத்தை அறிந்து கூட்டுங்கள்

எத்தனை வாரம் ஆயிற்று என்பதை வைத்து அளவைக் கூட்ட வேண்டாம். நினைவூட்டல் இல்லாமலே கை நூலை எடுக்கிறதா, எடுக்காத நாளில் ஏதோ விட்டுப்போன உணர்வு வருகிறதா என்று பாருங்கள். இவை தென்பட்டால் இரண்டு பக்கங்களை நான்காக்கலாம். ஒவ்வொரு முறை கூட்டும்போதும் சோர்ந்த நாளைப் பற்றிய அதே கேள்வியைக் கேளுங்கள். கூட்டிய அளவு இரண்டு வாரம் தொடர்ந்து சிரமம் தந்தால் பழைய அளவுக்கே இறங்கிவிடுங்கள். நாளுக்குள் அமைந்த இடம் அதனால் பறிபோகாது.

முதல் பட்டியலில் மூடிவைத்த மற்ற விருப்பங்களை எடுப்பதற்கும் இதுவே அளவுகோல். முதல் செயலைப் பற்றி யோசிக்காமலே அதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது உறுதியான பிறகு, குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து, அந்த இரண்டு கேள்விகளையும் மீண்டும் கேட்டு, இன்னொன்றைத் தேர்ந்தெடுங்கள். இடைப்பட்ட காலத்தில் சில விருப்பங்களுக்கான விடை மாறியிருக்கக்கூடும். அவற்றைத் தயங்காமல் அடித்துவிடலாம்.